ஹார்மோன் கெட்டுவிட்டது என்றால், கெட்டது எது?

முடி கொட்டினால் ஹார்மோன். எடை கூடினால் ஹார்மோன். பத்தாம் வகுப்புப் பையன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாலும் ஹார்மோன், ஐம்பது வயது அம்மா ராத்திரி தூக்கம் வராமல் புரண்டாலும் ஹார்மோன். போதாக்குறைக்கு யூடியூபில் ஒருவர் ஒரு டம்ளர் பச்சை ஜூஸைத் தூக்கிக் காட்டி, இதைக் குடித்தால் எல்லா ஹார்மோனும் சமநிலைக்கு வந்துவிடும் என்கிறார். எந்த ஹார்மோன், அது கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, அதைச் சுரப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது.

‘ஹார்மோன் இம்பேலன்ஸ்’ என்று ஒரு நோய் கிடையாது. நம் உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஹார்மோன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு தனிச் சங்கிலியில் ஓடுகிறது: யாரோ உத்தரவு போடுகிறார், யாரோ சுரக்கிறார், யாரோ வாங்கிக்கொள்கிறார். கெடுவது அந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணிதான். எந்தக் கண்ணி என்று தெரியாமல் மாத்திரையும் கிடையாது, ஜூஸும் கிடையாது. இந்தச் சங்கிலி எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், லேப் ரிப்போர்ட்டில் இருக்கும் பாதி எண்கள் தானாகவே பேச ஆரம்பித்துவிடும்.

சுரப்பி, ஹார்மோன், ஏற்பி: மூன்று சொல் போதும்

சுரப்பி என்றால் எதையாவது தயாரித்து வெளியே விடும் உறுப்பு. உமிழ்நீர்ச் சுரப்பிக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் தனித்தனியாகக் குட்டிக் குழாய்கள் உண்டு. தயாரித்ததை அந்தக் குழாய் வழியாக வாய்க்கோ தோலுக்கோ அனுப்பிவிடும். இன்னொரு வகைச் சுரப்பிகளுக்கு அப்படிக் குழாயே இல்லை. தயாரித்ததை நேராக ரத்தத்தில் கலந்துவிடும். இவைதான் நாளமில்லாச் சுரப்பிகள். அவை ரத்தத்தில் விடும் செய்திப் பொருள்தான் ஹார்மோன்.

ரத்தம் உடம்பு முழுக்கப் போகிறது, அப்படியென்றால் ஹார்மோனும் எல்லா இடத்துக்கும் போகுமே, எல்லா உறுப்பும் அதைக் கேட்டு ஆடாதா? ஆடாது. ஒவ்வொரு ஹார்மோனுக்கும் பொருந்தும்படி சில செல்களில் மட்டும் ஒரு புரதம் இருக்கும். அதற்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி இருக்கும் செல்லுக்குச் செய்தி புரியும். இல்லாத செல்லைத் தாண்டி ஹார்மோன் சும்மா போய்விடும்.

இது ரத்தம் வழியாக நடக்கும் வேலை என்பதைக் கோட்டிங்கன் நகரத்தில் அர்னால்ட் பெர்தோல்ட் என்ற ஜெர்மானியர் 1849-லேயே ஆறு சேவல்களை வைத்துக் காட்டிவிட்டார். விரையை எடுத்துவிட்ட சேவல் கூவாது, சண்டை போடாது, கொண்டை சுருங்கிவிடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் செய்த கூடுதல் வேலை, சில சேவல்களுக்கு விரையை அறுத்தெடுத்து வயிற்றுக்குள் குடல் பக்கமாகத் திரும்ப வைத்ததுதான். பழைய நரம்பு, பழைய ரத்தக்குழாய் எல்லாம் அறுந்துபோயின. ஆனாலும் அந்தச் சேவல்கள் கூவின, கொண்டை சிவந்து நிமிர்ந்தது, கோழியை விரட்டின. பிறகு அறுத்துப் பார்த்தால் வைத்த இடத்தில் விரை ஒட்டிக்கொண்டு புதிதாக ரத்தக்குழாய் ஓடியிருந்தது. பழைய நரம்புத் தொடர்பு ஏதும் இல்லை. அப்படியென்றால் செய்தி போனது ரத்தத்தில்தானே! என்ன பொருள் அது என்று அவருக்குத் தெரியாது. ஹார்மோன் என்ற பெயரே 1905-இல்தான் வந்தது.

எந்தெந்தச் சுரப்பி என்று சட்டென்று பார்த்துவிடலாம். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ், அதிலிருந்து பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி. கழுத்தில் தைராய்டு, அதன் முதுகில் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு. சிறுநீரகங்களின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் இரண்டு அட்ரினல். வயிற்றில் கணையம். பெண்ணுக்குச் சினைப்பை, ஆணுக்கு விரை. இன்னும் சில உண்டு, இப்போதைக்கு இவை போதும்.

மாடித் தொட்டியும் ஆட்டோமேட்டிக் சுவிட்சும்

நிறைய வீடுகளில் மாடித் தொட்டிக்கு ஆட்டோமேட்டிக் போட்டிருப்பார்கள். தொட்டிக்குள் ஒரு சென்சார், கீழே சுவரில் ஒரு பெட்டி, போர்வெல்லில் மோட்டார். தண்ணீர் இறங்கினால் சென்சார் சொல்லும், பெட்டி மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும், தொட்டி நிரம்பும். நிரம்பியதும் பெட்டி கரண்டை நிறுத்திவிடும். யாரும் மாடி ஏறிப் பார்க்க வேண்டாம். தண்ணீர் மட்டமே மோட்டாரைக் கட்டுப்படுத்துகிறது. நாளமில்லாச் சுரப்பிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே ஏற்பாட்டில்தான் ஓடுகின்றன. தயாரான பொருளே, ‘போதும், நிறுத்து’ என்று தயாரிப்பவருக்குச் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர்.

தைராய்டை வைத்தே பார்ப்போம். தொட்டித் தண்ணீர் என்பது ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன். அதில் இரண்டு வகை: நான்கு அயோடின் அணு உள்ளது டி4, மூன்று உள்ளது டி3. சுரப்பி பெரும்பாலும் டி4-ஐத்தான் வெளியே விடும். கல்லீரல் போன்ற உறுப்புகள் அதிலிருந்து ஒரு அயோடினைக் கழற்றி டி3 ஆக்கிக்கொள்ளும். செல்லுக்குள் வேலை செய்வது முக்கியமாக டி3. உடம்பு எவ்வளவு வேகமாகச் சக்தியைச் செலவழிக்க வேண்டும், இதயம் எவ்வளவு துரிதமாகத் துடிக்க வேண்டும், குடல் எவ்வளவு வேகத்தில் நகர வேண்டும் என்பதெல்லாம் இதன் அளவைப் பொறுத்தது.

சுவரில் இருக்கும் பெட்டி பிட்யூட்டரி. அது மோட்டாருக்கு, அதாவது தைராய்டுக்கு, அனுப்பும் கரண்ட்தான் டி.எஸ்.எச். தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் என்பதன் சுருக்கம் அது. பிட்யூட்டரிக்கு மேலே ஹைப்போதலாமஸ் இருந்து அதற்கும் ஒரு உத்தரவு போடும், ஆனால் அந்த உத்தரவை யாரும் வழக்கமாக அளந்து பார்ப்பதில்லை.

இதில் புழங்கும் அளவைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். எந்தப் புரதத்தோடும் ஒட்டாமல் ரத்தத்தில் தனியாகத் திரியும் டி4 (ரிப்போர்ட்டில் ‘ஃப்ரீ டி4’), ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1 நானோகிராம். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! அந்தத் துளியில் ஏற்படும் சின்ன மாற்றத்தைக்கூட பிட்யூட்டரி பெரிதாக எடுத்துக்கொள்ளும். டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இரண்டு மடங்காக அல்ல, நூறு மடங்கு வரை எகிறலாம். வீட்டு ஆட்டோமேட்டிக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே ஆன் அல்லது ஆஃப், இங்கே குறைவுக்கு ஏற்றபடி உத்தரவு கூடிக்கொண்டே போகும்.

ஆக, சுரப்பி தன் இஷ்டத்துக்குச் சுரப்பதில்லை. மேலே ஒருவர் உத்தரவு போடுகிறார். ரத்தத்தில் இருக்கும் அளவைப் பார்த்து அந்த உத்தரவைக் கூட்டுகிறார், குறைக்கிறார். இது மனதில் நின்றால் அடுத்த பகுதி சுலபம்.

டி.எஸ்.எச். கூடியிருக்கிறது, அப்போ தைராய்டு கூடிவிட்டதா?

இல்லை. நேர் எதிர். இந்தக் குழப்பம் இல்லாத தெருவே இல்லை. “எனக்குத் தைராய்டு 48-க்குப் போயிடுச்சு” என்பார்கள், பக்கத்தில் இருப்பவர், “ஐயோ, அவ்வளவு அதிகமா சுரக்குதா” என்பார். சுரக்கவே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். மோட்டார் காயில் எரிந்துபோனது, தொட்டி காலி, ஆனால் பெட்டி விடாமல் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பெட்டியின் அவசரம்தான் அந்த 48.

ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்வோம். டி.எஸ்.எச். 48, பெரியவர்களுக்குச் சாதாரணமாக 0.4 முதல் 4 வரை, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். ஃப்ரீ டி4 0.4, இருக்க வேண்டியது 0.8-க்கு மேல். உத்தரவு எகிறியிருக்கிறது, சரக்கு வரவில்லை. தைராய்டுதான் பழுது. இது குறை தைராய்டு. நம் ஊரில் இதற்கு மிகச் சாதாரணமான காரணம், நோய் எதிர்ப்பு அமைப்பு தவறுதலாகத் தன் தைராய்டையே தாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அழிப்பது. 1912-இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ பெயரிலேயே அந்த நோய் இருக்கிறது. சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை, வறண்ட தோல், மாதவிடாயில் அதிகப் போக்கு எல்லாம் வரும்.

எடையும் கூடும், ஆனால் இங்கே ஒரு விஷயம். குறை தைராய்டால் மட்டும் கூடும் எடை பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். இருபது கிலோ கூடியவர் முழுப்பழியையும் தைராய்டு மேல் போட்டுவிட்டு மாத்திரை போட்டால் இறங்கிவிடும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிச்சம்.

இரண்டாவது ரிப்போர்ட்: டி.எஸ்.எச். 0.01, டி4 எக்கச்சக்கம். தொட்டி வழிந்து மாடி முழுக்கத் தண்ணீர், பெட்டி எப்போதோ கரண்டை நிறுத்திவிட்டது, மோட்டார் மட்டும் யாரோ திருட்டுக் கனெக்‌ஷன் கொடுத்ததைப் போல ஓடுகிறது. கிரேவ்ஸ் நோயில் நடப்பது இதேதான். நோய் எதிர்ப்பு அமைப்பு தயாரிக்கும் ஒரு எதிர்ப்பொருள், டி.எஸ்.எச். போய் ஒட்ட வேண்டிய அதே ஏற்பியில் ஒட்டிக்கொண்டு தைராய்டை விரட்டு விரட்டு என்று விரட்டும். படபடப்பு, கை நடுக்கம், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைப்பது, சிலருக்குக் கண் பிதுங்கித் தெரிவது என்று போகும். இருவருமே, “எனக்குத் தைராய்டு இருக்கு” என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். வைத்தியமோ தலைகீழ். பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது என்பதற்கு வேறு காரணமே வேண்டாம்.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும். டி.எஸ்.எச். 1.5, பார்க்க அழகாக இருக்கிறது. டி4-ஓ ரொம்பக் குறைவு. டி.எஸ்.எச். மட்டும் பார்த்தவர், ‘தைராய்டு நார்மல்’ என்று அனுப்பிவிடுவார். தொட்டி காலியாக இருக்கும்போது பெட்டி ஏன் பதறவில்லை? பெட்டியே பழுது. பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம். இன்னொரு காரணம், பிரசவத்தில் கடுமையான ரத்தப்போக்கு. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகி நிறைய ரத்தம் கேட்கும். அந்த நேரத்தில் ரத்தம் வடிந்து அழுத்தம் விழுந்தால் அதன் திசுக்கள் செத்துவிடும். ஷீஹன் நோய் என்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்காது, அப்புறம் மாதவிடாய் திரும்பாது, வருடக்கணக்கில் அசதி. ‘பிரசவத்துக்கப்புறம் உடம்பு தேறவே இல்லை’ என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பால், மாதவிடாய், தைராய்டு, அட்ரினல் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடும் இடம் ஒன்றேதான், அதனால் எல்லாம் சேர்ந்து விழுகின்றன. “பிரசவத்தில் ரத்தம் நிறையப் போச்சா? பிள்ளைக்குப் பால் கொடுத்தீங்களா?” என்ற இரண்டு கேள்வி, பல டெஸ்டுகள் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்துவிடும்.

இடைப்பட்ட ஆட்களும் உண்டு. டி.எஸ்.எச். 6, டி4 சரியாகவே இருக்கிறது. பெட்டி லேசாகக் குரலை உயர்த்தி வேலையை வாங்கிவிடுகிறது. இதற்கு அன்றைக்கே ஆயுள் முழுக்க மாத்திரை என்று ஆரம்பிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள், பலருக்குத் தானே இறங்கியிருக்கும். 10-ஐத் தாண்டினால் பொதுவாக மருந்து கொடுப்பார்கள். கர்ப்பிணிக்குக் கணக்கே வேறு.

மூன்று ரிப்போர்ட்டிலும் ஒரே பாடம்: உத்தரவு எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது பழுது என்று தெரியும். ஒற்றை எண் பாதிக் கதைதான்.

கச்சாப் பொருள் இல்லாவிட்டால்

மோட்டார் நன்றாக இருக்கிறது, பெட்டியும் நன்றாக இருக்கிறது, போர்வெல்லில் தண்ணீர் இல்லை. தைராய்டுக்கு அந்தத் தண்ணீர் அயோடின். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், அது கடுகளவுகூட இல்லை, ஆனால் தினமும் வேண்டும். இல்லாவிட்டால் டி4 குறையும், டி.எஸ்.எச். ஏறும், ஏறிய டி.எஸ்.எச். சுரப்பியை வளரச் சொல்லும், சுரப்பி வீங்கி முன்கழுத்தில் கழலையாகத் தொங்கும். கழலை என்பது சுரப்பி முடிந்தவரை முயன்று பார்த்ததன் அடையாளம்.

இமயமலை அடிவாரத்தில் மண்ணிலேயே அயோடின் ரொம்பக் குறைவு, மழையும் பனியும் அரித்துக்கொண்டு போய்விட்டன. 1950-களில் இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் மருத்துவ ஆய்வாளர் வி. ராமலிங்கசாமியும் அவரோடு வேலை செய்தவர்களும் ஊர்களை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பல ஆண்டுகள் பார்த்தார்கள். அயோடின் உப்பு போன பகுதிகளில் கழலை இறங்கியது, சாதா உப்பு போன பகுதியில் இறங்கவில்லை. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இன்று பாக்கெட் உப்பில் அயோடின் இருப்பதன் பின்கதை இது.

அதனால்தான் இந்துப்பு மோகம் எனக்குக் கவலை தருகிறது. ரோஸ் நிறத்தில், விலை பல மடங்கில், ‘இயற்கையானது’ என்று வாங்கிச் சமைக்கிறார்கள். பிரச்சினை நிறமல்ல, பெரும்பாலான இந்துப்பில் தேவையான அயோடின் கிடையாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இது விளையாட்டே இல்லை, ஏனென்றால் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் டி4 வேண்டும். முட்டைக்கோஸ் சாப்பிட்டால் தைராய்டு வருமா என்று பயப்படுபவர்கள், அதை வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டு உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் படித்தால் போதும்.

தொட்டி நிறைய இருந்தும் குழாயில் வராவிட்டால்

சர்க்கரை நோயும் ஹார்மோன் நோய்தான், யாரும் அப்படிச் சொல்வதில்லை. கணையம் இரட்டை வேலைக்காரர். அதன் பெரும்பகுதி செரிமான நீரைத் தயாரித்துக் குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்பும். நடுநடுவே திட்டுத்திட்டாக இருக்கும் செல் கூட்டங்கள், மொத்தக் கணையத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான், ரத்தத்தில் இன்சுலினை விடும். இதற்கு மூளையிலிருந்து உத்தரவு வரத் தேவையில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதை அந்தச் செல்களே உணர்ந்து இன்சுலினை விடும், இன்சுலின் சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புக்கும் உள்ளே அனுப்பும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதும் சுரப்பும் இறங்கும். சென்சாரும் மோட்டாரும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற மாதிரி.

முதல் வகைச் சர்க்கரை நோயில் இந்தச் செல்களை நோய் எதிர்ப்பு அமைப்பு அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லவே இல்லை. பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் வரும் இந்த நோய்க்கு 1922 ஜனவரிவரை மருந்தே இல்லை. அந்த மாதம் டொரன்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள், அவன் அதற்குப் பிறகு 13 ஆண்டுகள் உயிரோடு இருந்தான். இவர்களுக்கு ஊசியை நிறுத்தச் சொல்லிப் பொடியும் கஷாயமும் கொடுப்பது கொலைக்குச் சமம், இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நாம் அன்றாடம் பார்க்கும் இரண்டாம் வகை வேறு. ஆரம்பத்தில் இன்சுலின் குறைவே இல்லை, பலருக்கு அதிகமாகவே இருக்கும். செல்கள்தான் அதன் பேச்சைக் கேட்பதில்லை. தொட்டி நிறையத் தண்ணீர், குழாயெல்லாம் அடைப்பு. கணையம் இன்னும் இன்னும் சுரந்து சமாளிக்கும், வருடக்கணக்கில் சமாளித்துக் களைத்துப்போகும், அப்போதுதான் ரத்தச் சர்க்கரை ஏறி நமக்குத் தெரியவரும். நடை, எடைக் குறைப்பு எல்லாம் வேலை செய்வது இந்த அடைப்பில்தான்.

சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பி.சி.ஓ.எஸ். பிரச்சினையிலும் பலருக்கு இதே அடைப்புக்குப் பங்கு உண்டு. அதிகமாகச் சுரக்கும் இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோனைக் கூடுதலாகத் தயாரிக்கத் தூண்டுகிறது. முட்டை முழுதாக வளர்ந்து வெளியே வராமல் பாதியில் நின்றுவிடுகிறது. ஸ்கேனில் தெரிவது அப்படிப் பாதியில் நின்ற முட்டைப் பைகள். அவை கட்டி அல்ல, கருப்பையில் இருப்பதும் அல்ல, அறுவை செய்து எடுக்க வேண்டியதும் அல்ல. ‘கர்ப்பப்பையில் நீர்க்கட்டி’ என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுகிற பெண்களுக்கு இந்த மூன்றையும் யாராவது அங்கேயே சொல்லியிருக்கலாம்.

லாரித் தண்ணீர் ஊற்றினால்: ஸ்டீராய்டு கதை

அட்ரினல் சுரப்பி தயாரிக்கும் கார்ட்டிசால் நம்மை உயிரோடு வைத்திருக்கும் ஹார்மோன்களில் ஒன்று. ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, காய்ச்சல், அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடியைத் தாங்குவது எல்லாம் அதன் கையில். இதற்கும் பிட்யூட்டரியிலிருந்து உத்தரவு வரும், அந்த உத்தரவின் பெயர் ஏ.சி.டி.எச். காலையில் உச்சத்தில் இருந்து நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும்.

மூட்டு வலிக்குச் சில மருந்துக்கடைகளில் சீட்டு எதுவும் இல்லாமல் காகிதக் கவரில் இரண்டு மூன்று கலர் மாத்திரைகள் போட்டுக் கொடுப்பார்களே, சாப்பிட்ட மறுநாளே பாட்டி எழுந்து மாடி ஏறுவாரே, அதில் பெரும்பாலும் ஒன்று ஸ்டீராய்டு. நாட்டு மருந்து என்ற பெயரில் விற்கும் சில பொடிகளிலும் கலந்திருக்கும். கார்ட்டிசாலின் வேலையை அதைவிடப் பல மடங்கு பலமாகச் செய்யும் மருந்து அது. மாதக்கணக்கில் தின்றால் முகம் உருண்டு வட்டமாகும், வயிறு பெருத்துக் கைகால் மெலியும், தோல் மெலிந்து தொட்டாலே ரத்தம் கட்டும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். அக்கம்பக்கத்தில், “பாட்டி நல்லாத் தேறிட்டாங்க” என்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் நடக்கிறது. தொட்டியைத் தினமும் யாரோ லாரித் தண்ணீர் ஊற்றி நிரப்பினால் பெட்டி மோட்டாரை ஓடச் சொல்லாது. பல மாதம் ஓடாத மோட்டார் என்னவாகும்? ஜாம் ஆகிவிடும். அட்ரினலும் அப்படித்தான். வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைப் பார்த்து பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.சை நிறுத்திவிடும், அட்ரினல் சுருங்கிப்போகும். அப்புறம் ஒரு நாள், ‘இந்த மாத்திரை கெடுதலாம்’ என்று பேப்பரில் படித்துவிட்டு மகன் அதைத் தூக்கி எறிகிறார். லாரி வரவில்லை, மோட்டாரும் எழவில்லை. வாந்தி, தலைச்சுற்றல், ரத்த அழுத்தம் படுவீழ்ச்சி. ஒரு சாதாரணக் காய்ச்சலில் ஆள் சுருண்டு விழலாம். உயிருக்கே ஆபத்து. அதனால் சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்து, பெட்டியும் மோட்டாரும் விழித்துக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும். ஆஸ்துமா, சிறுநீரக நோய், வாதநோய் என்று மருத்துவரே கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஸ்டீராய்டு வேறு விஷயம், அது பலரைக் காப்பாற்றுகிறது.

அட்ரினல் தானாகவே பழுதாவதும் உண்டு. 1855-இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்த நோய் அது. அப்போது காசநோய் அதற்குப் பெரிய காரணமாக இருந்தது, நம் நாட்டில் இன்றும் காசநோயை நினைக்காமல் விடக் கூடாது. உத்தரவு எகிறும் என்று தைராய்டில் பார்த்தோமே, இங்கே எகிறும் ஏ.சி.டி.எச். தோலின் நிறமி செல்களையும் தூண்டிவிடும். உள்ளங்கை ரேகையும் ஈறும் கருக்கும், ஆள் மெலிவார், உப்பு உப்பாகத் தின்னத் தோன்றும்.

இணையத்தில் சுற்றும் ‘அட்ரினல் ஃபடீக்’, அதாவது வேலைப் பளுவால் அட்ரினல் களைத்துவிடுகிறது என்பது, ஹார்மோன் மருத்துவர் சங்கங்கள் ஏற்காத ஒன்று. அசதி உண்மை, காரணம்தான் கட்டுக்கதை. அந்தப் பெயரில் விற்கும் டப்பாக்களை வாங்குவதற்குப் பதில் ரத்தசோகையும் தூக்கமும் பார்த்தால் காசாவது மிஞ்சும்.

டெஸ்ட், மாத்திரை: கடைசியாகச் சில நடைமுறை விஷயம்

கார்ட்டிசாலைக் காலை 8 மணி வாக்கில் எடுக்கச் சொன்னால் 8 மணிக்கே எடுங்கள். மாலையில் எடுத்தால் இயல்பானவருக்கும் குறைவாகத்தான் வரும். முடிக்காகவும் நகத்துக்காகவும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போடுபவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். சில லேப் கருவிகளின் முறையில் பயோட்டின் குறுக்கிட்டு டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும், இல்லாத கிரேவ்ஸ் நோய் காகிதத்தில் வந்துவிடும்.

பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டி.எஸ்.எச். பார்க்கச் சொன்னால், ‘பச்சைப் பிள்ளையைக் குத்த வேண்டாம்’ என்று தாத்தா தடுப்பார். தடுக்க விடாதீர்கள். சில குழந்தைகள் தைராய்டு இல்லாமலோ வேலை செய்யாமலோ பிறக்கின்றன, பார்க்க நன்றாகவே இருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலப் படித்து வளரும். மாதங்கள் கழித்துத் தெரிந்தால் மூளை வளர்ச்சியில் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது.

குறை தைராய்டுக்குக் கொடுக்கும் மாத்திரை சுரப்பி தயாரிக்கும் அதே டி4-தான், வேறு எதுவும் இல்லை. 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே ஆட்டுத் தைராய்டைச் சாறெடுத்து 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசி போட்டுக் காப்பாற்றினார், அவர் 28 ஆண்டுகள் கூட வாழ்ந்தார். இன்று அது ஒரு சின்ன மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபிகூட இல்லாமல் இருக்க வேண்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. பலருக்கு அளவைக் கூட்டியும் டி.எஸ்.எச். இறங்காததற்குக் காரணம் காலைக் காபிதான். போட்ட பத்தாம் நாளே டெஸ்ட் எடுத்து, ‘குறையவே இல்லை’ என்று பதற வேண்டாம். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் பிடிக்கும், புது அளவுக்கு உடம்பும் பிட்யூட்டரியும் பழக ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும்.

ஏற்கெனவே மாத்திரை போடும் பெண் கர்ப்பமானால், நாள் தள்ளிப்போனது தெரிந்த உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவுக்கு முதல் மூன்று மாதம் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவிடமிருந்துதான் வாங்கிக்கொள்ளும், அதனால் மாத்திரை அளவை ஏறக்குறைய கால் பங்கு கூட்ட வேண்டிவரும். ‘மாசமா இருக்கும்போது மாத்திரை எதுக்கு’ என்று நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது, அதுதான் ஆபத்து. பிரசவம் ஆனதும் பழைய அளவுக்கே திரும்பி, ஆறு வாரம் கழித்து ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ள வேண்டும். பால் கொடுக்கும்போதும் மாத்திரை போடலாம்.